எலும்புத் தேய்மானமா, மூட்டுத் தேய்மானமா? உள்ளே நடப்பது என்ன?

முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் 'தேய்மானம்' என்கிறார். வேறொருவரின் அடர்த்தி ஸ்கேன் அறிக்கையில் 'டி-ஸ்கோர் மைனஸ் 2.6' என்று இருக்கிறது. அதையும் வீட்டில் 'எலும்பு தேஞ்சு போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

உண்மையில் இவை வெவ்வேறு திசுக்களில், வெவ்வேறு காரணங்களால் வரும் இரண்டு நோய்கள். ஒன்று எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்), எலும்புக்குள்ளேயே நடப்பது. மற்றது மூட்டுத் தேய்மானம் (ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்), பெரும்பாலும் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பை அழிப்பது. எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. குருத்தெலும்போ, உடல் வளர்ந்து முடிந்தபிறகு தன் அடிப்படைக் கட்டுமானத்தை அநேகமாகப் புதுப்பிப்பதே இல்லை. மாத்திரை, உடற்பயிற்சி, அறுவை சிகிச்சை என எதைப் பற்றிப் பேசினாலும் இந்த வித்தியாசத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

## எலும்பு எதனால் ஆனது?

எலும்புக்கூடு என்றதும் வெள்ளையாக, காய்ந்துபோன ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. உயிருள்ள உடம்பில் எலும்பு ஈரமானது. ரத்தக் குழாய்கள் ஊடுருவியது. மேலே பெரியாஸ்டியம் என்ற சவ்வு அதை மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் நரம்புகள் ஏராளம். கட்டில் காலில் முன்னங்கால் எலும்பு இடித்துக்கொண்டால் உயிர் போவதுபோல வலிப்பது அதனால்தான்.

எடைக்கணக்கில் எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற நுண்ணிய படிகங்கள் அவை. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார், கொஞ்சம் தண்ணீர்.

இந்த இரண்டும் தனித்தனியாக என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்க்கப் பழைய பள்ளிக்கூடச் சோதனை ஒன்று போதும். கோழிக்கால் எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறப்போட்டால் தாது கரைந்துவிடும். எலும்பின் வடிவம் மாறாது, ஆனால் கையால் வளைக்கலாம். இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்து போகும். அதற்கும் வடிவம் மாறாது, ஆனால் லேசாகத் தட்டினாலே நொறுங்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுகிற அதே தத்துவம்: அழுத்தத்தைத் தாது தாங்குகிறது, இழுவையைக் கொலாஜன் தாங்குகிறது.

இதில் எது குறைகிறதோ அதைப் பொறுத்து நோயும் மாறும். வைட்டமின் டி இல்லாமல் வளரும் குழந்தைக்குத் தாது சரியாகப் படியாததால் கால் எலும்பு வளைகிறது, இதுதான் ரிக்கெட்ஸ். கொலாஜன் மரபணுவில் கோளாறோடு பிறக்கும் குழந்தைக்கோ சின்ன அடியிலேயே எலும்பு முறிகிறது.

எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு விதமான அமைப்பு தெரியும். வெளியே கெட்டியான புறணி. உள்ளே, முக்கியமாக எலும்பு முனைகளிலும் முதுகெலும்புக் கண்ணிகளிலும், மெல்லிய குச்சிகளும் தகடுகளும் பின்னிய வலை. மொத்த எலும்பு எடையில் புறணி 80 சதவீதம், வலை 20 சதவீதம். எடை குறைவாக இருந்தாலும் வலைக்குப் பரப்பளவு அதிகம். எலும்பைக் கரைப்பதும் கட்டுவதும் பரப்பின் மேல்தான் நடக்கிறது. ஆகவே மாற்றங்கள் முதலில் தெரிவதும் இந்த வலையில்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வலையின் இடுக்குகளில் மஜ்ஜை இருக்கிறது. பெரியவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில்தான். அங்கேதான் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன.

எண்ணிக்கையையும் சொல்லிவிடலாம். வளர்ந்தவர்களுக்கு எலும்புகள் 206. பிறக்கும்போது 270-க்கும் மேலே. வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. மிகப் பெரியது தொடை எலும்பு. மிகச் சிறியது நடுக்காதில் உள்ள அங்கவடி எலும்பு, நீளம் 3 மில்லிமீட்டர் அளவு.

## நிற்காத மராமத்து வேலை

வளர்ச்சி நின்றபிறகும் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கு மொத்த எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. புறணியில் இது மெதுவாகவும், வலைப் பகுதியில் பல மடங்கு வேகமாகவும் நடக்கிறது.

1. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது, எங்கே நுண்ணிய கீறல் விழுந்திருக்கிறது என்பதை உணர்கின்றன. நூலிழைபோல நீளும் தம் கிளைகளால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு செய்தி அனுப்புகின்றன.

2. செய்தி கிடைத்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வருகின்றன. இவற்றுக்குப் பல உட்கருக்கள், உருவமும் பெரிது. எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும். நொதியால் கொலாஜனைச் சிதைக்கும். ஓரிடத்தில் இந்த வேலை இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும்.

3. அப்புறம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்புகின்றன. முதலில் கொலாஜன், பிறகு அதன் மேல் தாது. இதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். வேலை முடிந்ததும் அந்தச் செல்களில் சில எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டு ஆஸ்டியோசைட்டாக மாறிவிடுகின்றன.

கரைப்பது வாரக்கணக்கு, கட்டுவது மாதக்கணக்கு. இந்த ஏற்றத்தாழ்வில்தான் ஆபத்து இருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் கரைப்பு வேலை ஒரே நேரத்தில் நிறைய இடங்களில் தொடங்கிவிட்டால், கட்டும் வேலை பின்தங்கிவிடும்.

இந்த மராமத்துக்கு முதல் தூண்டுதல் பாரம். எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அதற்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடக் கனமாக இருக்கும். விண்வெளி நிலையத்தில் பாரமே இல்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் எலும்பும் இப்படித்தான் குறைகிறது.

எலும்பு முறிந்தால் சேருவதும் இதே செல்களின் கைவரிசைதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அதன் மேல் மென்மையான குருத்தெலும்புப் பாலம். பிறகு அது எலும்பாகக் கெட்டிப்படுகிறது. கடைசியாகப் பல மாதங்களில் அதிகப்படியான பகுதி செதுக்கப்படுகிறது. மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. செல்கள் வேலை செய்யும்போது இரண்டு முனையும் நகராமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தழும்பு இல்லாமல், பழைய திசுவாகவே ஆறக்கூடிய உறுப்புகள் உடம்பில் மிகக் குறைவு. எலும்பு அவற்றில் ஒன்று.

## ரத்தக் கால்சியம் சரியாக இருந்தால் எலும்பும் நன்றாக இருக்கிறதா?

இல்லை. பலருக்குக் குழப்பம் தருவதும் இதுதான்.

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மொத்தம் சுமார் ஒரு கிலோ. ரத்தத்தில் இருப்பது துளிதான், 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. ஆனால் அந்தத் துளியை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது. ஆகவே ரத்தத்தின் அளவு இறங்கக்கூடாது என்பதில் உடம்பு படு கறாராக இருக்கிறது. எலும்பு அதற்குச் சேமிப்புக் கிடங்கு.

ரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் கழுத்தில் தைராய்டின் பின்னால் இருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோன் சுரக்கின்றன. அது மூன்று வழியில் வேலை செய்கிறது. சிறுநீரகத்தில் கால்சியம் வீணாகாமல் பிடித்துவைக்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றவைத்துக் குடலில் கால்சியம் உறிஞ்சுவதைக் கூட்டுகிறது. எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. வைட்டமின் டி பற்றாக்குறை வருடக்கணக்கில் நீடித்தால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 'நார்மல்' என்றே வரலாம். ஆனால் அந்த நார்மலுக்கான விலையை எலும்புதான் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதே ஹார்மோனில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாள் முழுக்க அதிகமாகச் சுரந்தால் எலும்பு கரைகிறது. ஆனால் அதன் ஒரு துண்டை மட்டும் தினம் ஒரு முறை ஊசியாகப் போட்டால் எலும்பு கட்டப்படுகிறது. டெரிபாராடைட் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது.

## எலும்புப்புரை: வலிக்காத நோய்

எலும்பின் அடர்த்தி சுமார் 30 வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் இறக்கம் திடீரென்று வேகமெடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கிவைத்திருந்தது. அது போனதும் கட்டு அவிழ்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் மட்டும் சிலருக்கு அடர்த்தியில் 20 சதவீதம் வரை குறையக்கூடும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், மிதமிஞ்சிய மது, மிகக் குறைந்த உடல் எடை ஆகியவையும் இதைத் துரிதப்படுத்தும்.

கரைப்பு மிஞ்சினால் வலைப் பகுதியின் குச்சிகள் மெலிந்து, இணைப்பு அறுந்துபோகின்றன. முதலில் அடிவாங்குவது வலைப் பகுதி என்று மேலே சொன்னோம் இல்லையா? அதனால்தான் முதுகெலும்புக் கண்ணிகளும் மணிக்கட்டும் முன்னதாக முறிகின்றன. தொடை எலும்பின் கழுத்து முறிவது பெரும்பாலும் இன்னும் வயதானபிறகு. முதுகெலும்புக் கண்ணி நசுங்குவது பல நேரங்களில் தெரியாமலேயே நடந்துவிடும். உயரம் குறைவதும் கூன் விழுவதும்தான் அடையாளம். முறியும்வரை எலும்புப்புரை வலிப்பதில்லை. ஆகவே 'உடம்பெல்லாம் எலும்பு வலி, எலும்புப்புரையாக இருக்குமோ' என்ற சந்தேகம் பெரும்பாலும் தவறான திசையில் போகிறது.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் தரும் டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நீங்கள் எத்தனை திட்ட விலக்கம் (அந்த இளவயதினருக்குள்ளேயே அடர்த்தி வழக்கமாக வேறுபடும் அளவு) கீழே இருக்கிறீர்கள் என்ற எண். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறைப்படி மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையே அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. ஒவ்வொரு திட்ட விலக்கம் குறையும்போதும் முறிவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அறிக்கையில் இசட்-ஸ்கோர் என்று இன்னொன்று இருக்கும். அது உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது; அதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது.

## மூட்டு: எலும்புகள் சந்திக்கும் இடம்

மண்டையோட்டுத் தகடுகளைப் போல அசையாமல் நார்களால் தைக்கப்பட்ட மூட்டுகள் உண்டு. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே வட்டு வைத்ததுபோல, கொஞ்சம் மட்டும் அசைபவையும் உண்டு. நாம் சாதாரணமாக 'மூட்டு' என்று சொல்வது மூன்றாவது வகை, சினோவியல் மூட்டு. முழங்கை கீல்போல ஒரே தளத்தில் மடங்கும். கழுத்தின் முதல் இரண்டு கண்ணிகள் முளையில் சுழலும். கட்டைவிரலின் அடிமூட்டு சேணம்போல அமைந்திருப்பதால்தான் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடிகிறது.

தோளும் இடுப்பும் இரண்டுமே பந்துக்கிண்ண மூட்டுகள்தான். ஆனால் தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. கையை எல்லாப் பக்கமும் சுழற்றலாம், பதிலுக்கு அடிக்கடி நழுவியும் போகும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது. அசைவு குறைவு, நழுவுவது அபூர்வம். அசைவும் உறுதியும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

முழங்காலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொடை எலும்பின் முனையும் கீழ்க்கால் எலும்பின் தலையும் நேராக உரசுவதில்லை. இரண்டின் மேலும் சில மில்லிமீட்டர் தடிமனில் வழுவழுப்பான குருத்தெலும்பு. இரண்டுக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெனிஸ்கஸ் என்ற இரண்டு திண்டுகள், பாரத்தைப் பரப்ப. எலும்போடு எலும்பைக் கட்டிவைப்பவை லிகமென்ட் நார்கள். விளையாட்டு வீரர்களுக்கு அறுந்துபோவது பெரும்பாலும் இவற்றில் முன்புறக் குறுக்கு நார். எல்லாவற்றையும் சுற்றி ஓர் உறை. உறையின் உட்பக்கச் சவ்வு சுரக்கும் திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும், ஆனால் மசகு வேலை முழுக்க அதை நம்பித்தான் நடக்கிறது.

விரலைச் சொடுக்கினால் சத்தம் வருவதும் இந்தத் திரவத்தால்தான். மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக் குமிழி உருவாகிறது. 2015-இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தே இதைப் படம்பிடித்தார்கள். சொடுக்குவதால் மூட்டுவாதம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கை விரல்களை மட்டும் 60 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொடுக்கிப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை. 2009-இல் வேடிக்கை ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

## குருத்தெலும்பு ஏன் ஆறுவதில்லை?

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். கொலாஜன் வலைக்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துவைத்திருக்கின்றன. பாரம் விழும்போது தண்ணீர் சற்றே வெளியேறுகிறது. பாரம் விலகும்போது திரும்ப உள்ளே வருகிறது. ரத்தம் வராத திசுவுக்கு மூட்டுத் திரவத்திலிருந்து உணவு போய்ச்சேர இந்தப் போக்குவரத்து பெரிதும் உதவுகிறது. மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் குருத்தெலும்பு காப்பாற்றப்படும் என்று நினைப்பது ஆகவே தலைகீழான எண்ணம்.

உள்ளே இருக்கும் செல்களோ மிகக் குறைவு. அவை அக்ரிகனை ஓரளவு மாற்றிக்கொண்டே இருக்கும். கொலாஜன் சட்டத்தைத்தான் மாற்றுவதில்லை. இது எப்படித் தெரிந்தது என்பது சுவாரசியமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு எகிறியது. அந்தக் காலத்தில் உருவான திசுவில் அதன் முத்திரை விழுந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016-இல் முழங்கால் குருத்தெலும்பைச் சோதித்தபோது, கொலாஜன் வளரும் பருவத்தில் உருவானதோடு சரி, பிறகு அநேகமாக மாறவே இல்லை என்று தெரிந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடமும் அதே கதைதான்.

## மூட்டுத் தேய்மானத்தில் என்ன நடக்கிறது?

ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பது வெறுமனே வயதாகித் தேய்ந்துபோவது அல்ல. மூட்டு முழுவதையும் பாதிக்கும் நோய். குருத்தெலும்பு வெடித்து மெலிகிறது. அடியில் உள்ள எலும்பு மெலிவதற்குப் பதில் கெட்டிப்படுகிறது. ஓரங்களில் முள்போல எலும்பு புதிதாக வளர்கிறது. அதாவது இங்கே எலும்பு குறையவில்லை. சில இடங்களில் கூடவே செய்கிறது. அந்த இடத்தில் கால்சியம் மாத்திரை செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

குருத்தெலும்பில் நரம்பு இல்லையே, பிறகு ஏன் வலிக்கிறது? வலி உள்சவ்வு, உறை, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு ஆகியவற்றிலிருந்து வருகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளி குறைந்திருப்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். படத்தில் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் படி ஏற முடியாதவர்கள் உண்டு. படத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

நடைமுறையில் இதிலிருந்து வருபவை:

1. உடல் எடை. சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் சுமார் 4 கிலோ பாரம் குறைந்தது.

2. தொடைத் தசை. மூட்டில் விழும் அதிர்வை முதலில் வாங்குவது தசைதான். வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை மெலியும், பாரம் மூட்டுக்குப் போகும், வலி இன்னும் கூடும்.

3. குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின். 2006-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் இவை மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி வலியைக் குறைக்கவில்லை. விற்பனை மட்டும் குறைந்தபாடில்லை.

இரண்டிலும் சேராத மூட்டு நோய்களும் உண்டு. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒருசேர வீங்குவது, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது இதன் அடையாளங்கள். தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சீக்கிரமே தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். 'வயசாகுது' என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

## செயற்கை மூட்டில் இரண்டு கதையும் சேருகிறது

தேய்மானம் முற்றினால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்கிறார்கள். முழங்காலில் முழு எலும்பையும் எடுப்பதில்லை. சேதமான மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, உலோகத் தொப்பியும் நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடும் பொருத்துகிறார்கள். இடுப்பில் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்க வேண்டும். ஜான் சார்ன்லி என்ற இங்கிலாந்து மருத்துவர் 1962-இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் பயன்படுத்தத் தொடங்கியபிறகுதான் இந்தச் சிகிச்சை பரவியது.

குருத்தெலும்பின் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ஆனால் செயற்கை மூட்டு உட்கார்ந்திருப்பது உயிருள்ள எலும்பின் மேல். அங்கே பழைய விதிகள் மாறவில்லை. பாரத்தை உலோகத் தண்டே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலை குறைகிறது. வோல்ஃப் சொன்னபடி அது மெலிகிறது. பாலிஎத்திலீன் தேய்ந்து உதிரும் நுண்துகள்களை எதிர்ப்புச் செல்கள் விழுங்கப்போய், அந்த அழற்சி ஆஸ்டியோகிளாஸ்ட்களைத் தூண்டிவிடுகிறது. தண்டைச் சுற்றி எலும்பு கரைகிறது. குறுக்கிணைப்பு செய்த புதிய வகைப் பாலிஎத்திலீன் வந்தபிறகு இந்தத் துகள் பிரச்சினை வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களை வலியே இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது, உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறதா என்று பார்க்கத்தான்.